ஆளை எண்ணும்போது எல்லையையும் பாருங்கள்: மக்கள்தொகை, பரப்பளவு ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் வசிக்கிறார்கள்? தேடினால் 26,553 என்று ஒரு பதில் வரும். 15,660 என்று இன்னொன்று வரும். கையில் கால்குலேட்டர் வைத்திருப்பவர் தானே வகுத்துப் பார்த்து 10,900 என்பார். முதல் இரண்டும் சரி. மூன்றாவது தப்பு. ஆனால் பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்ட் முதல் கவுன்சிலரிடம் கொடுக்கும் மனு வரை, அந்த மூன்றாவது வகைக் கணக்குதான் எளிதில் நுழைந்துவிடுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் 46,46,732 பேர். பரப்பு 175 சதுர கிலோமீட்டர். வகுத்தால் 26,553. இது அன்றைய சென்னை. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆள் எண்ணி முடித்தார்கள். அக்டோபரில் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு விரிந்தது. வடக்கே கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம், புழல், மேற்கே அம்பத்தூர், தெற்கே ஆலந்தூர் என்று பல ஊர்கள் உள்ளே வந்தன. இந்த விரிந்த எல்லைக்குள் 2011-ல் வசித்தவர்கள் சுமார் 66 லட்சத்து 72 ஆயிரம் பேர். அதை 426-ஆல் வகுத்தால் 15,660 வரும்.

தப்பு நடக்கும் இடம் இதுதான். மக்கள்தொகையைப் பழைய சென்னையிலிருந்தும் பரப்பைப் புதிய சென்னையிலிருந்தும் எடுத்து வகுத்துவிடுகிறார்கள். 20 லட்சம் பேர் கணக்கிலேயே வராமல் போகிறார்கள். அவர்கள் குடியிருக்கும் மண் மட்டும் சேர்ந்துகொள்கிறது. திருவொற்றியூரில் மட்டும் 2011-ல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டின் அட்டவணையில் சென்னைப் பக்கம் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில், திருவொற்றியூர் நகராட்சி என்ற பெயருக்கு நேராக இருப்பார்கள். தண்டையார்பேட்டையில் பஸ் ஏறி திருவொற்றியூர் தேரடியில் இறங்குகிறவருக்கு ஊர் மாறியதே தெரியாது. அட்டவணையிலோ அவர் மாவட்டம் தாண்டிப் போயிருக்கிறார்.

குழப்பத்தைக் கூட்டுவதற்கு இன்னொன்றும் இருக்கிறது. மாநகராட்சி எல்லை 2011-ல் மாறியது. வருவாய் மாவட்டத்தின் எல்லை 2018-ல்தான் அதே 426-க்கு வந்தது. நடுவில் சில ஆண்டுகள் மாநகராட்சி பெரிது, மாவட்டம் சிறிது. அந்தக் காலத்தில் வெளியான எந்த அறிக்கையை எடுத்தாலும், ‘சென்னை’ என்று சொல்லும்போது மாவட்டத்தைச் சொல்கிறார்களா, மாநகராட்சியைச் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எல்லைக்கே 174, 175, 178 என்று மூன்று எண்கள் உலவும். அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 175-க்கும் 426-க்கும் இடையில் உள்ளதுதான் ஆபத்தான வித்தியாசம்.

வளர்ச்சி விகிதம் சொல்லும் பொய்

2001-ல் சென்னை மாவட்டத்தில் 43,43,645 பேர். 2011-ல் 46,46,732. பத்து ஆண்டில் 7 சதவீதம்தான் கூடியிருக்கிறது. இதை வைத்து ‘சென்னை வளர்வது நின்றுவிட்டது’ என்று முடிவு கட்டுவது இரண்டாவது பெரிய தவறு. அதே பத்து ஆண்டில் திருவள்ளூர் மாவட்டம் 27.5 லட்சத்திலிருந்து 37.3 லட்சமானது. 35 சதவீத உயர்வு. காஞ்சிபுரம் மாவட்டமும் 39 சதவீதம் கூடியது.

நகரம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கோடு போட்ட இடத்துக்கு வெளியே வளர்ந்தது. பழைய எல்லைக்குள் கட்ட இடமில்லை, வாடகையும் கட்டுப்படியாகவில்லை. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருந்த குடும்பங்களில் இளையவர்கள் செங்குன்றம், மாதவரம், மீஞ்சூர் பக்கம் போனார்கள். நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட பல குடும்பங்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். வேலை சென்னையில், தலை எண்ணப்பட்டது வேறு மாவட்டத்தில். ஒரு மாவட்டத்தின் வளர்ச்சி விகிதத்தைப் பார்த்தால், அதன் பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்துப் பார்க்காமல் எதுவும் எழுதிவிடாதீர்கள்.

எந்த வட சென்னை?

‘வட சென்னையின் மக்கள்தொகை எவ்வளவு?’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் முன், எந்த வட சென்னை என்று திருப்பிக் கேட்க வேண்டும். அந்தப் பெயரில் மாவட்டம் கிடையாது, வட்டம் கிடையாது, மண்டலமும் கிடையாது. வட சென்னை மக்களவைத் தொகுதி உண்டு. திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது அது. மாதவரம் சட்டமன்றத் தொகுதி திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. மண்ணடியும் சவுகார்பேட்டையும் உள்ள துறைமுகம் தொகுதி மத்திய சென்னையில் இருக்கிறது. மண்ணடிக்காரரிடம் போய் ‘நீங்கள் வட சென்னை இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள்!

மாநகராட்சிக் கணக்கில் பார்த்தால் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று முதல் ஆறு மண்டலங்களைச் சொல்லலாம். வட சென்னை அனல் மின் நிலையம் இருப்பதோ அத்திப்பட்டில். அது இன்றைக்கும் திருவள்ளூர் மாவட்டம், மாநகராட்சிக்கு வெளியே. ஆக, தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையை எடுத்து, மண்டலங்களின் பரப்பால் வகுத்து, ‘வட சென்னையின் நெருக்கம்’ (சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்பது) என்று எழுதினால் அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. இதில் வாக்காளர் எண்ணிக்கை வேறு, மக்கள்தொகை வேறு என்ற தவறும் சேர்ந்துகொள்ளும். 18 வயது நிரம்பாத யாரும் வாக்காளர் பட்டியலில் இல்லை.

வார்டுக்கு வார்டு சமமில்லை

எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயம் இது. ‘வார்டுக்கு ஒரு பூங்கா, வார்டுக்கு ஒரு சமுதாயக் கூடம்’ என்று கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் எல்லா வார்டும் ஒரே அளவு என்று அதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது.

2011-ல் எல்லை விரிந்தபோது பழைய நகரத்தின் 155 வார்டுகளை 107-ஆகச் சுருக்கினார்கள். புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள். மொத்தம் 200. வகுத்துப் பாருங்கள். பழைய பகுதியில் ஒரு வார்டுக்குச் சராசரியாக 43,000 பேர், சுமார் 1.6 சதுர கிலோமீட்டரில். புதிய பகுதியில் ஒரு வார்டுக்குச் சுமார் 22,000 பேர், 2.7 சதுர கிலோமீட்டரில். காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் இருப்பவர்கள் ஒரு கவுன்சிலருக்குப் பின்னால் இரண்டு மடங்கு நீள வரிசையில் நின்றார்கள். மறுபக்கம், புறநகர்க் கவுன்சிலருக்கு ஆள் குறைவு, ஆனால் தெரு விளக்கும் குடிநீர்க் குழாயும் கொண்டுபோக வேண்டிய தூரம் அதிகம். 2018-ல் வார்டு எல்லைகளை மறுபடி வரைந்தார்கள். 2022 தேர்தல் அதன்படி நடந்தது. அதனால் ஒரே எண்ணுள்ள வார்டை இரண்டு காலத்தில் ஒப்பிடும்போதும் எச்சரிக்கை வேண்டும். எண் பழையதாக இருக்கும், தெருக்கள் மாறியிருக்கும்.

மனு எழுதுகிறவர்கள் ‘எங்கள் வார்டில்’ என்பதோடு நிறுத்தாமல், எத்தனை பேருக்கு என்று சேர்த்து எழுதுங்கள். சாக்கடை, கழிப்பறை, ரேஷன் கடை எல்லாம் ஆள் கணக்கில் போக வேண்டியவை. மழைநீர் வடிகாலும் சாலையும் பரப்புக் கணக்கில் போக வேண்டியவை. இரண்டையும் ஒரே அளவுகோலில் கேட்டால் ஏதோ ஒரு பக்கம் ஏமாந்துபோகும்.

சராசரிக்குச் சராசரி எடுக்காதீர்கள்

2011-ல் சென்னையின் நெருக்கம் 26,553. திருவள்ளூர் மாவட்டத்தின் நெருக்கம் 1,098. இரண்டும் சேர்ந்த பகுதியின் நெருக்கம் என்ன? கூட்டி இரண்டால் வகுத்தால் 13,825 வரும். இது தப்பு. ஆட்களைத் தனியாகக் கூட்டுங்கள்: 83,74,836. பரப்பைத் தனியாகக் கூட்டுங்கள்: 175-ம் 3,394-ம் சேர்ந்து 3,569. இப்போது வகுத்தால் 2,347 பேர்தான். கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். எழுத்தறிவு விகிதம், பாலின விகிதம் எதற்கும் இதே விதிதான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

சரி, 26,553 என்பது மட்டும் உண்மையான நெருக்கத்தைக் காட்டுகிறதா என்றால், அதுவும் முழுசாக இல்லை. ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று திருப்பிப் போட்டால் 38 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுமார் 405 சதுர அடி. இது வீட்டு அளவு இல்லை. துறைமுகம், ரயில்வே யார்டு, கூவம், கால்வாய், சாலை, மைதானம், சுடுகாடு எல்லாவற்றையும் பங்கு போட்டு வருகிற 405. வட சென்னையில் அந்தப் பங்கில் பெரும்பகுதி மனிதர் குடியிருக்க முடியாத இடம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் போகும்வரை நின்று பாருங்கள். ஒருபக்கம் தண்டவாளங்களாக விரிந்து கிடக்கும் நிலம்; மறுபக்கம் ஒரு பைக் நுழைந்தால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லப்படும் ஒரே எண்தான் நெருக்கம்.

மணலி மண்டலத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, கொசஸ்தலை ஆற்றங்கரை, ஏரிகள் என்று நிலத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. நெருக்கம் குறைவு என்று அட்டவணையில் இருப்பதால் அங்கே மக்கள் காற்றோட்டமாக வாழ்கிறார்கள் என்று யாராவது எழுதினால், அவர் சடையங்குப்பம் பக்கம் போனதில்லை என்று அர்த்தம். நீலகிரி மாவட்டத்துக்கும் இதே கதைதான். சதுர கிலோமீட்டருக்கு 287 பேர் என்பது காட்டையும் தேயிலைத் தோட்டத்தையும் சேர்த்து வரும் எண். குன்னூரின் குடியிருப்புகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கணக்கெடுப்பு வசிப்பவரை வைத்து எண்ணுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பகலில் பாரிமுனையிலும் கொத்தவால்சாவடியிலும் தோளோடு தோள் உரசும் கூட்டம் அந்த வார்டுகளின் மக்கள்தொகையில் இல்லை. அவர்கள் குடியிருக்கும் ஊர்களின் கணக்கில் இருக்கிறார்கள். குப்பை மட்டும் இங்கே சேரும்.

மாநிலங்களை ஒப்பிடும்போது

நிலப்படத்தில் பெரிதாகத் தெரிவதெல்லாம் மக்கள் நிறைந்த இடம் என்று நம்பிவிடுகிறோம். குஜராத்தின் கச்சு மாவட்டம் 45,674 சதுர கிலோமீட்டர். முழுக் கேரளத்தை விடப் பெரிது. 2011-ல் கச்சில் சுமார் 21 லட்சம் பேர், கேரளத்தில் 3 கோடியே 34 லட்சம் பேர். அதே இந்தியாவில்தான் மாஹேயும் ஒரு மாவட்டம். பரப்பு 9 சதுர கிலோமீட்டர். ‘மாவட்டம்’ என்ற ஒரே சொல்லை நம்பி இரண்டையும் ஒரு வரிசையில் வைத்தால் எதுவும் விளங்காது. டெல்லியைத் தமிழ்நாட்டோடு நெருக்கத்தில் ஒப்பிடுவதும் இப்படித்தான். ஒரு நகரத்தை ஒரு மாநிலத்தோடு ஒப்பிடுகிறோம். டெல்லியைச் சென்னையோடு வையுங்கள். தமிழ்நாட்டை ஆந்திரத்தோடு வையுங்கள்.

ஜம்மு காஷ்மீரின் 2011 எண்களில் ஒரு கண்ணி இருக்கிறது. பரப்பு என்று 2,22,236 சதுர கிலோமீட்டர் கொடுத்திருப்பார்கள். நெருக்கம் என்று 124. ஒரு கோடியே 25 லட்சம் பேரை அந்தப் பரப்பால் வகுத்தால் 56தான் வரும். பாகிஸ்தான், சீனா வசம் உள்ள பகுதிகளில் ஆள் எண்ணவில்லை என்பதால், நெருக்கத்துக்கு அந்தப் பரப்பைக் கழித்துவிட்டார்கள். எங்கே வகுத்தல் ஒத்துப்போகவில்லையோ அங்கே அடிக்குறிப்பைத் தேடுங்கள்.

அலகுகளைப் பற்றிச் சுருக்கமாக: 10 சதுர கிலோமீட்டர் வேறு, பத்துக்குப் பத்து கிலோமீட்டர் சதுரம் வேறு, பின்னது 100 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர மைல் 2.59 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் 100 ஹெக்டேர், சுமார் 247 ஏக்கர். மில்லியனை லட்சமாக்கும்போது பத்தால் பெருக்க வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு முன்

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் (எந்த நாள் நிலவரப்படி ஆள் எண்ணுகிறார்களோ அந்த நாள்) 2027 மார்ச் 1. அதுவரை ‘சென்னையின் இன்றைய மக்கள்தொகை’ என்று இணையத்தில் வரும் ஒரு கோடிக்கு மேற்பட்ட எண்களெல்லாம் மதிப்பீடுகள். அவையும் பெரும்பாலும் சுற்றியுள்ள நகரப் பகுதிகளைச் சேர்த்து வந்தவை. 426 சதுர கிலோமீட்டருக்குள் எண்ணியவை இல்லை.

2027 எண்கள் வெளியாகும் நாளில் ‘சென்னை மாவட்ட மக்கள்தொகை தாறுமாறாக உயர்வு’ என்று யாராவது தலைப்புப் போடக்கூடும். 426 சதுர கிலோமீட்டர் மாவட்டமாகச் சென்னை எண்ணப்படுவது அதுவே முதல் முறை. அதை 46.46 லட்சத்தோடு ஒப்பிடாதீர்கள்; 66.72 லட்சத்தோடு ஒப்பிடுங்கள். திருவள்ளூரின் எண் குறைந்து தெரிந்தால் அதற்கும் இதே காரணம் இருக்கும். உங்கள் பகுதிக்கு மட்டும் கணக்குப் பார்க்க வேண்டுமானால், திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம், புழல் ஆகியவற்றின் 2011 எண்களைத் திருவள்ளூர் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டிலிருந்து இப்போதே எடுத்து வையுங்கள். பழைய நகராட்சி, பேரூராட்சிப் பெயர்களில் அவை அங்கே தனித்தனியாக இருக்கின்றன.