நெடுநாள் நின்ற பழைய காரும் கலிஃபோர்னியா ஸ்மாக் செக்கும்

கலிஃபோர்னியாவுக்கு வந்த புதிதில் பலருக்கும் கைக்கு வருவது, யாரோ ஓரங்கட்டி வைத்திருந்த பழைய கரோலாவோ பிரியஸோதான். விலை படியும், ஓட்டினால் ஓடும். ஆனால் ஸ்மாக் செக் எனும் புகை மாசுச் சோதனையில் தேறாமல், வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான டிஎம்வியில் பெயர் மாற்றம் முடியாது.

பணம் கொடுக்கும் முன் ஒன்று. ஸ்மாக் சான்றிதழ் வாங்கித் தருவது விற்பவரின் பொறுப்பு, சட்டமே அப்படி. எடுத்த நாளிலிருந்து 90 நாள் செல்லும். "விலையில குறைச்சுக்கறேன், ஸ்மாக் நீங்களே பாத்துக்கோங்க" என்றால் தலையாட்டாதீர்கள். கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளுக்குள் கைமாறினால் விலக்கு உண்டு, அதுவும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் சோதனை பாக்கி இல்லாவிட்டால். சித்தப்பா, மச்சான் எல்லாம் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

சரி, நின்ற வண்டிக்கு வருவோம். 2000-க்குப் பிந்தைய மாடல் பெட்ரோல் கார்களில் புகைக்குழாயில் எதையும் செருகிப் பார்ப்பதில்லை, வண்டியின் கம்ப்யூட்டரிடம்தான் கேட்கிறார்கள். கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தமாக்கும் பாகம்), ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவிக் கசிவு என்று அது ஓடும்போதே தன்னைத்தானே சோதித்து முடிவை வைத்துக்கொள்ளும். பேட்டரி செத்தாலோ கழற்றினாலோ பெரும்பாலும் அத்தனையும் அழிந்துவிடும். அதனால்தான் ஜம்ப் ஸ்டார்ட் செய்த அன்றே கொண்டுபோனால், செக் எஞ்சின் லைட் எரியாமலே ஃபெயில் ஆகிறது. ஆவிக் கசிவுச் சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம், மற்றதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

இதற்கு மருந்து ஓட்டுவதுதான். டேங்க்கில் கால்வாசிக்கு மேல் முக்கால்வாசிக்குள் பெட்ரோல் இருக்கட்டும், இரவு முழுக்க நிறுத்தி, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பி, ஃப்ரீவேயில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம், அப்புறம் நின்று நின்று ஊருக்குள், இப்படிச் சில நாள். வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படிக்கும் மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிவிட்டால் எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டிவிடும். சோதனைக்கு இரண்டாம் முறை அழும் காசை விட அது லாபம். "பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டு, லைட் போயிடும்" என்ற யோசனை வரும், வேண்டாம். லைட்டோடு சோதனை முடிவுகளும் போய்விடும், 2010-க்குப் பிந்தைய வண்டிகளில் கம்ப்யூட்டர் பதித்துவைத்த நிரந்தரப் பழுதுக் குறியீடு அப்போதும் அழியாது.

அதற்கெல்லாம் முன் பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு ஆயிலை மாற்றுங்கள், பெட்ரோல் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா பாருங்கள், பானெட்டைத் திறந்தால் எலி கடித்த ஒயர் இருக்கலாம். கிளப்பியதும் காது கிழியும் சத்தம் என்றால் கன்வர்ட்டரைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போயிருப்பார்கள், பிரியஸ் என்றால் சந்தேகமே வேண்டாம். புதிதாகப் போடுவது கார் கம்பெனியின் அசலாக இல்லாவிட்டால் கலிஃபோர்னியாவின் அங்கீகார எண் பொறித்ததாக இருக்க வேண்டும், வேறு மாநிலத்து மலிவுச் சரக்கைக் கண்ணால் பார்த்தே நிராகரித்துவிடுவார்கள்.

ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதியான வண்டியைச் சும்மா எடுத்துக்கொண்டு தெருவில் இறங்காதீர்கள். சோதனைக்கு ஓட்டிப்போக டிஎம்வி ஒருநாள் அனுமதி இலவசமாகத் தருகிறது, பல நாள் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் தற்காலிக அனுமதி பற்றி அங்கேயே கேளுங்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு ரிப்பேர் செலவில் மாநில அரசின் உதவித் திட்டமும் இருக்கிறது. ரிப்பேருக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பெயர் மாற்றத்துக்கான சோதனையில் தோற்ற வண்டிக்குக் கிடைக்காது.