ஆனேக்கல், தளி வழியாக ஒகேனக்கல்லுக்கு

பெங்களூரிலிருந்து ஒகேனக்கல் போக ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று ஹைவே வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஜிகணி, ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகப் போய்ப் பாருங்கள். தூரம் குறைவு, நேரம் கூடுதல். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றே கணக்குப் போடுங்கள். பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் நிறைய.

மேப்பில் ஒகேனக்கல் என்று மட்டும் போட்டால் ஹைவேக்கே இழுத்துப்போகும். தளியையும் அஞ்செட்டியையும் நடுவில் சேருங்கள். காட்டில் சிக்னல் இருக்காது, முந்தின இரவே ஆஃப்லைனில் இறக்கிவையுங்கள். குறுக்கு வழி காட்டினால் டீக்கடையில் கேளுங்கள். "ரோடு நல்லா இருக்கா?" என்றால் பைக் போகிற பாதையையும் நல்ல ரோடு என்பார்கள். "பஸ் போகுமாங்க?" என்பதுதான் சரியான கேள்வி.

விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் பால் சொசைட்டி நேரத்துக்குக் கிராமங்களில் இருக்கலாம். கேனோடு வரிசை நிற்கும். பாலில் கொஞ்சம் எடுத்துக் கொழுப்பு பார்த்துத்தான் விலை. வண்டியை வாசலை மறிக்காமல் தள்ளி நிறுத்துங்கள், வரிசை கலைந்தபின் பேசுங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் பகுதி இது, பேச்சுக்குத் தடையில்லை.

சுவரோரம் வட்டமான மூங்கில் தட்டு சாய்த்திருந்தால் அது சந்திரிகை, பட்டுப்புழு கூடு கட்டுவது அதில்தான். புழு அறைக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். செருப்பிலும் கையிலும் போகும் நோய்த்தொற்று புழுக்களைக் கொன்றுவிடும். கொசுவிரட்டி பூசியிருந்தால் உள்ளே கூப்பிட்டாலும் போகவேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள், வண்டிச் சக்கரமே போரடிக்கும். ஓரமாக ஒதுங்க இடமிருந்தால் ஒதுங்குங்கள். இல்லையென்றால் மெதுவாக, பிரேக் போடாமல், ஸ்டியரிங்கை ஒடிக்காமல் ஏறிக் கடக்க வேண்டும், பைக் வழுக்கிவிடும். அந்தக் காய்ந்த தண்டு (தாள்) கார் அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். தாண்டியதும் நிறுத்தி, குனிந்து பார்த்து, கையால் தொடாமல் குச்சியால் இழுத்துப்போடுங்கள். தாள் கிடக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஸ்டெப்னியில் காற்று பாருங்கள். மண் ஓரத்தில் ஜாக்கி புதையும், அடியில் வைக்க ஓரடிப் பலகை ஒன்று போதும். பெட்ரோலைத் தேன்கனிக்கோட்டையிலேயே நிரப்பிவிடுங்கள்.

அதற்கப்பால் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயப் பகுதி, 2014-இல் அறிவிக்கப்பட்டது. யானை நடமாடும் காடு. மாலை 4 மணிக்குள் தாண்டுங்கள். யானை தெரிந்தால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், தூரத்திலேயே நின்று அது ரோட்டைக் கடந்து போகும்வரை காத்திருங்கள்.