கிரப் அப்டேட் பண்றப்ப ரெண்டாவது டிஸ்க்க மறந்துடாதீங்க

கிரப்னா மெஷின் ஆன் ஆனதும் லினக்ஸ கிளப்பி விடற புரோகிராம். பெங்களூர் அல்சூர்ல மாமாவோட ஆடிட் ஆபீஸ்ல ஒரு பழைய டெபியன் லினக்ஸ் சர்வர், ரெண்டு டிஸ்க், ரெய்டு 1 மிரர் (ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் அப்படியே எழுதப்படும்), நான்தான் போட்டுக் குடுத்தது. ஒரு சனிக்கிழமை வீட்ல இருந்தே அப்டேட் விட்டு ரீபூட் குடுத்தேன், திரும்பி வரல. அங்க நெட் போயிருக்கும்னு நெனச்சு விட்டுட்டேன். திங்கக்கிழமை காலைல போன்: "மாப்ள, கருப்பா ரெஸ்க்யூன்னு என்னமோ நிக்குதுடா, நாளன்னைக்கு 20ஆம் தேதி, ஜிஎஸ்டி போடணும்." எலக்ட்ரானிக் சிட்டில இருந்து சில்க் போர்டு தாண்டி அல்சூர் போறதுக்குள்ள என்ன தப்பு பண்ணோம்னு யோசிக்க நல்லா டைம் கெடச்சுது.

மிரர்னா ரெண்டு டிஸ்க்கும் அச்சு அசல் ஒண்ணுன்னு நாம நெனச்சுக்கறோம், அதுதான் முதல் தப்பு. பொதுவா மிரர் ஆகறது பார்ட்டிஷனுக்குள்ள, அதாவது டிஸ்க்க பிரிச்சு வெச்சிருக்கற பகுதிக்குள்ள, இருக்கறது மட்டும்தான். கிரப்போட ஆரம்பப் பகுதி முதல் செக்டார்லயும், அதுக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவுல இருக்கற சந்துலயும் உக்காந்திருக்கும், அந்த இடம் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி. கிரப்போட மீதித் துண்டுங்க, அதாவது மாட்யூல் எல்லாம் பூட் ஃபோல்டர்ல, அது மிரர்ல இருக்கு. அப்டேட் ஒரு டிஸ்க்ல மட்டும் கிரப்ப எழுதிச்சுன்னா மாட்யூல் ரெண்டு பக்கமும் புதுசாயிடும், இன்னொரு டிஸ்க்கோட சந்துல பழைய கிரப்பே இருக்கும், பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற மதர்போர்டு புரோகிராம்) அந்த டிஸ்க்குலருந்து கிளப்பினா ரெண்டுக்கும் ஒத்துக்காம 'grub_calloc' சிம்பல காணோம்னு நின்னுடும். 2020 ஜூலைல பூட்ஹோல்ங்கற கிரப்போட பாதுகாப்பு ஓட்டைக்காக அப்டேட் வந்தப்ப நிறைய பேர் மாட்டினது இப்படித்தான்.

எனக்கு நடந்தது என்னன்னா, போன வருஷம் ஒரு டிஸ்க் செத்துப்போச்சு, எஸ்.பி.ரோட்ல புதுசு வாங்கி மாட்டி கையாலயே கிரப் போட்டேன். ஆனா எந்தெந்த டிஸ்க்ல போடணும்னு பேக்கேஜ் வெச்சிருக்கற லிஸ்ட் டிஸ்க்கோட ஐடிய வெச்சு, அதுல செத்த டிஸ்க்தான் இன்னும் இருந்துச்சு. அப்டேட் நடுவுல "முன்னாடி கிரப் போட்ட டிஸ்க் இப்ப இல்லையே"ன்னு ஒரு நீலத் திரை வந்து கேட்டுச்சு, நான் படிக்காம என்டர் தட்டிட்டேன். அந்தத் திரை வந்தா ஸ்பேஸ்பார் தட்டி ரெண்டு டிஸ்க்குக்கும் ஸ்டார் விழுதான்னு பாருங்க, எஸ்டிஏ மாதிரி லினக்ஸ் பேர் வெச்ச முழு டிஸ்க்குக்கு, எஸ்டிஏ1 மாதிரி பார்ட்டிஷனுக்கோ மிரரோட பேரான எம்டி0வுக்கோ இல்ல. டிஸ்க் மாத்தின அன்னைக்கே கிரப்-பிசி பேக்கேஜ ரீகான்ஃபிகர் பண்ணிருந்தா இந்தக் கூத்தே இல்ல.

அடுத்த தப்பு அவசரம். பூட் மெனுவுக்குள்ள போய் இன்னொரு டிஸ்க்க செலக்ட் பண்ணிருந்தா அப்பவே எழுந்திருக்கும், நான் என்னடான்னா லைவ் பென்டிரைவ் போட்டு, அர்ரேய (அந்த மிரர) மவுண்ட் பண்ணி, சிஹெச்ரூட் கமாண்ட் வழியா அந்த சிஸ்டத்துக்குள்ள போய் எஸ்டிஏவுக்கு கிரப் போட்டேன். எரர் இல்லாம முடிஞ்சுது, ரீபூட் பண்ணா அதே கருப்பு. எஸ்டிஏங்கறது பென்டிரைவ் (மாமா பின்னாடி நின்னு டீ குடிச்சுக்கிட்டு பாத்துட்டு இருந்தார், அவருக்குப் புரியாதது என் அதிர்ஷ்டம்). அந்தப் பேர நம்பாதீங்க, டிஸ்க் லிஸ்ட் காட்டற எல்எஸ்பிஎல்கே (lsblk) கமாண்ட்ல சீரியல் நம்பர எடுத்து டிஸ்க் மேல ஒட்டிருக்கற லேபிளோட ஒத்துப் பாருங்க.

ரொம்பப் பழைய டிஸ்க்னா முதல் பார்ட்டிஷன் 63வது செக்டார்ல ஆரம்பிக்கும், சந்து வெறும் 31 கேபி சொச்சம், ரெய்டு, எல்விஎம் (டிஸ்க் இடத்த சேத்துப் பிரிக்கற லினக்ஸ் வசதி) மாட்யூல் சேர்ந்தா புது கிரப் அதுல அடங்காமப் போகலாம். 2048ல ஆரம்பிச்சா கவலையில்ல. ஜிபிடிங்கற புது முறைல பார்ட்டிஷன் போட்ட டிஸ்க்க பழைய பயாஸ்ல கிளப்பறீங்கன்னா, சந்துக்குப் பதிலா கிரப் உக்கார 1 எம்பி பயாஸ் பூட் பார்ட்டிஷன் ரெண்டு டிஸ்க்லயும் வேணும், பார்ட்டிஷன் டேபிள காப்பி பண்ணா அதுக்குள்ள இருக்கற கிரப் கூட வராது.

யுஇஎஃப்ஐ மெஷின்ல (பயாஸுக்குப் பதில் வந்த புது ஃபர்ம்வேர்) சந்துக்குப் பதில் இஎஸ்பிங்கற பூட் பார்ட்டிஷன். அதையும் மிரர்ல சேத்துடலாம்னு ஆசை வரும், ஆனா ஃபர்ம்வேருக்கு ரெய்டுன்னா என்னன்னே தெரியாது, ரெய்டு தன்னோட விவரத்த எழுதி வெக்கற மெட்டாடேட்டா 1.2ன்னா பார்ட்டிஷனோட முன்னாடியே உக்காந்துக்கும், அதால படிக்கவே முடியாது. 1.0 கடைசில இருக்கறதால ஓடும், ஆனா ஃபர்ம்வேர் ஒரு பக்கம் மட்டும் எதையாவது எழுதிட்டா ரெண்டும் வேற வேறயாயிடும். நான் தனித்தனியா ரெண்டு இஎஸ்பி வெச்சு, இஎஃப்ஐ பூட் மேனேஜர்ல ரெண்டுக்கும் என்ட்ரி போட்டுடுவேன்.

எல்லாம் முடிஞ்சதும் மெஷின ஆஃப் பண்ணி ஒரு டிஸ்க்கோட கேபிள கழட்டி பூட் பண்ணிப் பாருங்க. ரெய்டு நிலவரம் காட்டற எம்டிஸ்டாட் ஃபைல்ல ஒரு யுவும் (ஓடற டிஸ்க்) ஒரு கோடும் (இல்லாத டிஸ்க்) தெரியும், திரும்ப மாட்டி டிஸ்க்க சேத்து ரெண்டு யுவும் வர்ற வரைக்கும் அடுத்த கேபிள தொடாதீங்க. நான் அன்னைக்கு ரெண்டாவது கேபிள கழட்டி பாத்து முடிக்க ராத்திரி ஒம்பதரை, மாமா அதுக்குள்ள ரெண்டு கம்பெனிக்கு ரிட்டர்ன் போட்டுட்டார், தன்னோட பழைய லேப்டாப்லருந்து.