குட்டியா, வளர்ந்த நாயா: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"குட்டியிலிருந்து வளர்த்தால்தான் நம்மோடு ஒட்டும்" என்று பலரும் யோசிக்காமலே முடிவு கட்டிவிடுகிறார்கள். வளர்ந்த நாயும் புது வீட்டாரோடு நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய தவறு, குட்டிக்குத் தேவைப்படும் நேரத்தைக் கணக்கில் எடுக்காதது. இரண்டு மாதக் குட்டியால் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. இரவிலும் யாராவது எழுந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். காலையில் எல்லோரும் கிளம்பிப்போய் மாலையில் திரும்பும் வீட்டில், அது தன் அசுத்தத்திலேயே கிடக்கும். பிறகு அதற்காகவே திட்டும் வாங்கும். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் தப்பு குட்டியுடையது அல்ல. 28 பால்பற்களும் விழுந்து 42 பற்கள் முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும். அதுவரை கையில் வாயில் பட்டதையெல்லாம் கடிக்கும். அடுத்து, சொன்ன பேச்சைக் கேட்காத விடலைப் பருவம். "வளர்க்க முடியவில்லை" என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

சீக்கிரம் பழகும் என்று நினைத்து, எட்டு வாரம் ஆகும் முன்பே தாயிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயும் உடன்பிறந்த குட்டிகளும்தான் அதற்குக் கற்றுக்கொடுக்கின்றன.

தடுப்பூசி விஷயத்தில் இரண்டு விதமாகவும் தவறு நடக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் வரை ஊசி போட வேண்டும். அது முடியும் முன் கண்ட இடத்தில் இறக்கி விட்டால் பார்வோ வைரஸ் தொற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால், மூன்று முதல் 14 வாரம் வரையிலான பழகும் பருவம் வீணாகிவிடும். பிறகு மனிதர், வண்டிச் சத்தம், மற்ற நாய்கள் என எதைக் கண்டாலும் மிரளும். கையில் தூக்கிக்கொண்டு வெளியே காட்டலாம். தடுப்பூசி போட்ட, ஆரோக்கியமான நாய்களோடு பழக விடலாம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நாய்க்குப் பொருந்தாது. வயதான நாயும் புதிதாகக் கற்றுக்கொள்ளும். அதன் உருவமும் குணமும் முன்பே தெரிந்திருப்பது பெரிய வசதி. ஆனால் வந்த முதல் வாரத்தை வைத்து எடை போடாதீர்கள். மூலையில் சுருண்டு கிடந்தால் "சாது" என்கிறோம். பல நேரம் அது பயம். உண்மைக் குணம் வெளிவர வாரக்கணக்கில் ஆகலாம். முதல் நாளே சொந்தபந்தங்களைக் கூட்டிக் காட்ட வேண்டாம். பழகிய உணவையே கொடுத்து, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள்.

பரிதாபப்பட்டு மட்டும் கூட்டி வருவதும் தவறு. தனியாக இருக்குமா, குழந்தைகளிடமும் மற்ற நாய்களிடமும் எப்படி, ஏன் விட்டுவிட்டார்கள் என்று கேளுங்கள். பற்கள், மூட்டு, சிறுநீரகம் ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய இன நாய்களுக்கு ஏழு வயது என்பதே முதுமை.

பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால், தனிமை பழகிய இரண்டு மூன்று வயது நாயைத்தான் நான் சொல்வேன். சில மாதங்களுக்கு ஒருவர் கூடவே இருக்க முடியும் என்றால் குட்டி சரி. சில காப்பகங்கள், தத்தெடுக்கும் முன் சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்க அனுமதிக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.