வடசென்னைக்கு ஒரு நாள்: ஊர்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டு

வடசென்னைக்குப் போகிறேன் என்றால் சொந்தக்காரர்களே, "அங்கே என்ன இருக்கு?" என்பார்கள். சினிமா பார்த்துப் பயந்தவர்கள் அவர்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏசி வேனும் வேண்டாம். ஜார்ஜ் டவுன் சந்துகளில் அது நுழைந்தால், மூன்று சக்கரத்தில் சரக்கு ஏற்றிப் போகும் மீன்பாடி வண்டிக்காரருக்குத்தான் தொல்லை.

விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தொடங்குங்கள். சங்கராவோ நெத்திலியோ, ஏலம் போகும் இடத்தில் வழியை மறித்து நிற்காதீர்கள். அங்கே ஒரு நிமிடம்கூடக் காசு. படம் எடுக்குமுன் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள், கேட்காமல் எடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு கிலோவாவது வாங்கி, அங்கேயே அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் கழுவக் கொடுங்கள். அந்தக் கூலியில் பேரம் பேசுவது அழகில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது போனால் பாதிச் சந்தைதான்.

அப்புறம் பக்கத்து ஸ்டாண்டிலேயே ஓர் ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். "அண்ணே, நீங்க வளர்ந்த ஏரியாவைக் காட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத கேரம் கிளப்புக்கும் குத்துச்சண்டைக் கூடத்துக்கும் வண்டி திரும்பும். அங்கே பிள்ளைகள் கையில் நோட்டைத் திணிக்காதீர்கள். என்ன தேவை என்று பொறுப்பாளரிடம் கேட்டு, அதை அந்தத் தெருக் கடையிலேயே வாங்கிக் கொடுங்கள். ஆட்டோக்காரருக்கு வண்டி வாடகை வேறு, வழிகாட்டிய கூலி வேறு, இரண்டையும் கொடுங்கள்.

போகிற வழியில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது இங்கிருந்துதான். ஜார்ஜ் டவுனில் காளிகாம்பாள் கோயிலும் 1772இல் கட்டிய அர்மீனியத் தேவாலயமும் நடக்கும் தூரம். யாழ்ப்பாண வழி வந்தவர்கள் தங்கசாலைத் தெருவை விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் இயங்கிய தெரு அது. இப்போது இருபுறமும் கடைகள்தான், ஆனாலும் நடக்கலாம்.

சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல் அத்தோ ஒரு கடையில், மசாலா முட்டை இன்னொரு கடையில், வாழைத்தண்டு சூப் வேறொன்றில் என்று ஏறி இறங்குங்கள். நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்குக் கடற்கரை ரயில் நிலையம் பக்கத்திலேயே.