முழங்கால் நோவு உள்ளவர்கள் எடைப் பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி அசையாமல் இருந்தால்தான் நல்லது என்று நம்பி, நாள் முழுவதும் கதிரையிலேயே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் மட்டக்களப்பில் ஏராளம். கல்லடியில் என் அம்மாவும் இரண்டு வருடங்கள் அப்படித்தான் இருந்தார். நோவு குறையவில்லை; தொடைச் சதை மெலிந்து, எழும்புவதற்கே ஆள்துணை தேவைப்பட்டது.

மூட்டிலுள்ள குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு மடங்கி நீளும்போது அதற்குள் இருக்கும் வழுவழுப்பான நீர் போய்வருவதால்தான் குருத்தெலும்புக்கு ஊட்டம் கிடைக்கிறது. நடக்கும்போது ஏற்படும் அதிர்வை முன்தொடைத் தசை பெருமளவு தாங்கிக்கொள்வதால், அந்தத் தசை மெலிய மெலிய மூட்டின் மேல் விழும் பாரம் கூடுகிறது. ஆகவே பயிற்சி கொடுக்க வேண்டியது தசைக்குத்தான்.

காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, அதைத் தேய்வு என்று நீங்களே முடிவு செய்யாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அது முடக்குவாதமாகவும் இருக்கக்கூடும். இருதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை ஆகியவை உள்ளவர்களும் முதலில் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

முதல் இரண்டு வாரங்களுக்கு எடை வேண்டாம். கட்டிலில் காலை நீட்டி அமர்ந்து, சுருட்டிய துவாயை முழங்காலின் கீழ் வைத்து, அதனைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடிகள் பிடித்து விடுங்கள். இப்படிப் பத்துத் தடவைகள் செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். அடுத்ததாக, கதிரையில் அமர்ந்து ஒரு காலை மெதுவாக நேராக நீட்டி, அதைவிட மெதுவாக இறக்குங்கள்.

இது இலகுவானதும் எடை சேர்க்கலாம். பழைய சாறத் துணியில் நீளமான பையொன்று தைத்து, காய்ந்த மணலைக் கடைத் தராசில் அரைக்கிலோ நிறுத்து நிரப்பி, மணல் ஓரிடத்தில் குவியாதபடி நடுவில் ஒரு தையல் போட்டு, கணுக்காலில் சுற்றிக் கட்டினால் போதும். அவசரப்பட்டு முதல் நாளே ஒன்றரைக் கிலோ பையைக் கட்டிவிட்டேன். அம்மாவுக்கு மூன்று நாட்கள் வீக்கம் வற்றவில்லை. 15 தடவைகள் சிரமமின்றித் தூக்க முடிந்த பின்னரே கால் கிலோ கூட்டுங்கள்.

கதிரையில் இருந்து எழும்பி அமர்வதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ள பயிற்சி என்பது என் கருத்து. கைப்பிடியுள்ள உயரமான கதிரையைச் சுவரோடு வைத்து, தேவையென்றால் மேலே தலையணை போட்டு, பிடித்துக்கொண்டே எழும்புங்கள். தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் வரை தாமதித்து இறங்குவதில்தான் தசை வலுப்பெறுகிறது. பலம் கூடக்கூடத் தலையணையை எடுத்துவிடலாம்.

கைகளுக்கு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். விரல் மூட்டுகளில் நோவுள்ளவர்கள் அதை இறுகப் பிடிக்காமல், துணிப்பையில் போட்டு முன்கையில் தொங்கவிட்டுத் தூக்க வேண்டும்.

வாரத்தில் 2 அல்லது 3 நாட்கள், இடையில் ஒருநாள் ஓய்வுடன் செய்யுங்கள். மற்ற நாட்களில் நடக்கலாம். ஆனால் கல்லடிக் கடற்கரையின் காய்ந்த மணலில் கால் புதைந்து முழங்கால் முறுகுவதால், தொடக்கத்தில் சமதரையான வீதியே நல்லது.

பயிற்சியின்போது சிறிது உளைவு இருப்பது இயல்பு. முடித்து இரண்டு மணித்தியாலங்களுக்குப் பின்னும் நோவு முன்னிருந்ததை விடக் கூடுதலாக இருந்தால், அடுத்த முறை எடையையோ எண்ணிக்கையையோ குறையுங்கள். மூட்டு வீங்கிச் சூடேறும் நாட்களில் மணற்பையை எடுத்து வைத்துவிட்டு, கட்டிலில் படுத்தபடி காலை மெல்ல மடக்கி நீட்டினால் போதும். வீக்கம் வற்றிய பிறகு, விட்ட எடையில் அல்லாமல் அரைக்கிலோவிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.