கோவையில் குடியேறும் எண்ணமா? முதலில் மூன்று வாரம் குடித்தனம் நடத்திப் பாருங்கள்

ஊர் திரும்ப நினைக்கும் வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் பல, சொந்த ஊருக்கே போய்விடுவதில்லை. நாங்களும் அப்படித்தான். நான் கும்பகோணம், மனைவி விருதுநகர். நியூஜெர்சியில் 14 ஆண்டுகள் இருந்த பிறகு இருவருக்கும் ஒத்துவந்த ஊர் கோயம்புத்தூர். அங்கே உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரு வீடும் இல்லை.

முதல் முறை டிசம்பர் கடைசியில் போனோம். ஓட்டலில் தங்கினோம், வாடகைக் காரில் சுற்றினோம், மருதமலைக்கும் பேரூர்க் கோயிலுக்கும் போய்வந்தோம். பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை, சாலையில் அவ்வளவு நெரிசல் இல்லை. ஊர் மிகவும் பிடித்துப்போனது. ஆனால் அங்கே வாழ்வது எப்படி இருக்கும் என்று எதுவும் தெரியாமலேயே திரும்பினோம்.

அதனால் சொல்கிறேன்: ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில் போங்கள். மேலை நாடுகளில் உங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை; கோவையில் பள்ளிகள் முழு வேகத்தில் நடக்கும் காலம். ஓட்டல் வேண்டாம். சமையலறை உள்ள வீட்டை மூன்று வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். காய்கறி நீங்களே வாங்குங்கள், எரிவாயு தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பாருங்கள், ஒருநாள் மின்தடையில் உட்காருங்கள்.

வீடு பார்க்கும்போது தரையும் பால்கனியும் பிறகு. முதல் கேள்வி தண்ணீர். கோவையில் 'நல்ல தண்ணீர்' என்றால் குடிநீர்க் குழாயில் வருவது, 'உப்புத் தண்ணீர்' என்றால் ஆழ்துளைக் கிணற்று நீர். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். நகரின் மேற்குப் பகுதிகளில் பெரும்பாலும் சிறுவாணி அணை நீர், கிழக்கே பெரும்பாலும் பில்லூர் அணை நீர். சிறுவாணியின் சுவையைப் பற்றிக் கோவைக்காரர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் சிறுவாணி அணை கேரளத்துக்குள் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் கோடையில் குழாய் வறண்டுவிடும்.

நாங்கள் பார்த்த ஒரு அடுக்குமாடி வீட்டில் தரகர் குழாயைத் திறந்து காட்டினார். தண்ணீர் கொட்டியது. "இங்கே தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாதுங்க" என்றார். இறங்கி வரும்போது, படிக்கட்டின் கீழ் ஓர் அம்மா நீல நிறப் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் வாயையும் வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். எட்டுக் குடங்கள். மனைவி பேச்சுக் கொடுத்தாள். "நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்காதானுங்க வரும். இன்னைக்கு விட்டா அடுத்த வாரந்தான்" என்றார். மேலே குழாயில் கொட்டியது லாரித் தண்ணீர். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கீழ்வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் நாங்கள் வந்ததில்லை.

பள்ளியை இரண்டு முறை பாருங்கள். அலுவலகத்தில் பேசுவது ஒரு நாள். காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை போய்ப் பார்ப்பது இன்னொரு நாள். அவிநாசி சாலையில் மேம்பாலம் வந்துவிட்டது என்றாலும், சரவணம்பட்டியில் வீடும் ஊரின் மறுகோடியில் வடவள்ளியில் பள்ளியும் என்றால் பிள்ளையின் நாள் பஸ்ஸிலேயே கழியும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. வீட்டில் தமிழ் பேசியே வளர்ந்த என் மகளுக்கு எழுதத் தெரியாது. நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டபோது ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு பதில் சொன்னது. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தாமதமாகத் தெரியவருவது இது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருக்கும் பிள்ளைகள் நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகள் வழியான சேர்க்கையில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்கும் வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாக ஒதுக்கும் இடங்களுக்கும் மட்டுமே தகுதி பெறுவார்கள் என்று 2021 மார்ச் 4 அன்று மத்திய அரசு அறிவித்தது. அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. பிள்ளையின் அட்டையில் உள்ள தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். மருத்துவக் கனவு உள்ள பிள்ளை என்றால் குடும்பத்தின் முடிவே அதைப் பொறுத்து மாறலாம்.

வயதான பெற்றோரை உடன் வைத்துக்கொள்வதாக இருந்தால் மருத்துவமனைக்கு எவ்வளவு தொலைவு என்பதையும் இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெரிய மருத்துவமனைகள் பல பீளமேட்டிலும் அவிநாசி சாலையை ஒட்டியும் இருக்கின்றன. சிகிச்சையைப் பொறுத்தவரை எனக்கு இந்த ஊரைப் பற்றிக் கவலையே இல்லை.

இந்தப் பயணத்தில் இடம் மட்டும் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் தொண்டாமுத்தூர், ஆனைகட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம் காட்டக் கூட்டிப்போவார்கள். காலைப் பனியில் அது கண்ணைப் பறிக்கும். ஆனால் வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க அன்னியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. மனையாகவே இருந்தாலும் மலைப்பகுதிக் கட்டுப்பாடுகள் உண்டு; இரவில் யானைகள் இறங்கும் தடம் அது. வரிக் கணக்கைப் பொறுத்தும் குடியேறும் தேதி முக்கியம். டிக்கெட் எடுக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

ஜூலையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் அந்த மாதம் ஊரைச் சொர்க்கமாக்கிவிடும். ஆகவே குடும்பத்தில் ஒருவர் மட்டுமாவது ஏப்ரலில் ஐந்து நாள் போய்வர வேண்டும். முடிந்தால் நவம்பர் மழையிலும் ஒருமுறை. பலத்த மழை பெய்த மறுநாள் லங்கா கார்னர் ரயில் பாலத்தின் கீழ் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஏப்ரலில் நான் தனியாகப் போனேன். பிற்பகல் மூன்று மணிக்கு, நாங்கள் ஏறக்குறைய முடிவு செய்திருந்த வீட்டின் மொட்டை மாடிக்கு ஏறி, மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. அந்த வீட்டை விட்டுவிட்டு, அதே தெருவில் கிழக்குப் பார்த்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். அங்கே நல்ல தண்ணீர் நான்கு நாளுக்கு ஒருமுறை வருவதாகக் கீழ்வீட்டில் சொன்னார்கள்.